மடித்த காகிதத்தில் பின்னம்



பெங்களூரின் ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் எங்கள் ஹெப்பகோடி. பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "நாலில் ஒன்று பெரிசா, எட்டில் ஒன்று பெரிசா?" என்று கேட்டுப் பாருங்கள். "எட்டில் ஒன்று" என்று பல பேர் பளிச்சென்று சொல்வார்கள். நாலைவிட எட்டு பெரிசு என்றுதானே அதுவரை படித்திருக்கிறார்கள்! மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று பின்னத்தைப் பிரித்தே பார்க்கிறவரை இந்தக் குழப்பம் தீராது. இரண்டும் சேர்ந்து ஒரே அளவு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு நான் நம்புவது காகிதப் பட்டையை. பழைய நாளிதழை ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை நுனியோடு நுனி சேர்த்து மடித்துப் பிரித்தால் 2 பங்கு. அடுத்த பட்டையை இரண்டு முறை மடித்தால் 4. அப்புறம் 8, 16. எல்லாவற்றையும் தரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், நாலில் இரண்டு பங்கு பாதியோடு அச்சாகப் பொருந்துவதைப் பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒரு சிறுமி, பட்டை தடித்து மடிய மறுத்ததும், "அடுத்தது 32 மிஸ், ஆனா துண்டு இன்னும் குட்டியாயிடும்" என்றாள். கவனித்தீர்களா? பின்னமும் எண் தொடரும் அவள் வாயில் ஒன்றாகவே வந்துவிட்டன.

அந்தக் காலத்தில் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்ற வாய்பாட்டுச் சுவடியில் ஒப்பித்ததும் இதுபோல இரட்டிக்கும் வரிசையைத்தான். முந்திரி என்பது 320-ல் ஒன்று. அதை இரட்டித்தால் அரைக்காணி, 160-ல் ஒன்று. காணி 80-ல் ஒன்று, அரைமா 40-ல் ஒன்று, மா 20-ல் ஒன்று. அதென்ன 320? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 16-ஐ 20-ஆல் பெருக்கினால் 320. ஆகவே 16-ல் ஒன்றான மாகாணிக்கு 20 முந்திரி, 20-ல் ஒன்றான மாவுக்கு 16 முந்திரி. இரண்டையும் கூட்ட வேண்டுமா? 36 முந்திரி, அவ்வளவுதான்! இன்று பிள்ளைகள் திணறுகிற பொதுப் பகுதி எண் அந்தச் சுவடியிலேயே இருக்கிறது.

நேரம் நெருங்குகிறது; இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மெட்ரோ மஞ்சள் தடத்தில் 16 நிலையங்கள், 15 இடைவெளிகள். ஓர் இடைவெளி மொத்தத் தூரத்தில் 15-ல் ஒன்றா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இல்லை, இடைவெளிகள் ஒரே அளவில் இல்லையே. சமபங்காக இருந்தால்தான் பின்னம்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, விதியை மனப்பாடம் செய்ய வைக்குமுன் பிள்ளையின் கையில் ஒரு பட்டையைக் கொடுங்கள். மடிக்கட்டும், எண்ணட்டும், அடுத்த எண்ணை அதுவே சொல்லட்டும். பின்னத்துக்குப் பயப்படாத ஒரு வகுப்பாவது இந்த ஆண்டு உங்கள் ஊரில் உருவாகும் என்று நம்புகிறேன்.