பிள்ளையோடு நாமும் தங்குதல்

(அறக்கட்டளை ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று தயங்குவோர் உண்டு. நீரிழிவைப் பற்றியோ இதய நோயைப் பற்றியோ பேசுவதானால் அத்தயக்கம் எழுவதில்லை. மனநோய் என்றதும் குரல் தாழ்கிறது, கதவு சாத்தப்படுகிறது. சாத்திய கதவுக்குள் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறதே என்பதுதான் என் கவலை. மனநல மருத்துவத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அப்பிள்ளையை மருத்துவமனையில் தங்கவைத்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தால் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

கடுமையான மனநோய்கள் இளமையில் வருவன. அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் தோன்றும் மனநலக் கோளாறுகளுள் பாதி 14 வயதிற்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. மனச்சிதைவு நோய் ஆண்களுக்குப் பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தலைகாட்டுவது வழக்கம். பெண்களுக்குச் சில ஆண்டுகள் பிந்தலாம். அது கல்லூரியில் சேரும் வயது. வேலை தேடும் வயது. வீட்டில் திருமணப் பேச்சு எடுக்கும் வயது.

முதலில் உறக்கம் கெடும். நண்பர்கள் ஒவ்வொருவராக விலகுவர். படிப்பில் முன்னின்ற பிள்ளை புத்தகத்தைத் திறவாமல் அமர்ந்திருக்கும். பின்னர், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்றும், சோற்றில் எதையோ கலந்துவிட்டனர் என்றும் சொல்லத் தொடங்கும். யாரும் இல்லாத இடத்தில் குரல்கள் கேட்கும். பெற்றோரோ கண்ணேறு என்பர்; பரீட்சைப் பயம் என்பர்; கூடா நட்பு என்பர். நம்முடையது சிறிய சமூகம். ஓரூரில் பேசியது நான்கு ஊர்களில் கேட்கும். ஆதலால், “தங்கையின் திருமணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று மருத்துவம் தள்ளிப்போகிறது. மருத்துவம் இன்றி நோய் நீடிக்கும் காலம் மிக மிக, மீட்சி கடினமாகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளும் ஒப்புக்கொண்ட உண்மை. ஊரார் வாய்க்கு அஞ்சி நாம் தள்ளிப்போடும் ஈராண்டினைப் பிள்ளை தன் வாழ்நாளிலிருந்து கொடுக்கிறது.

நோயுற்ற அனைவரும் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே புறநோயாளியாக வந்து மருந்து பெற்றுத் தேறுகின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உறுதிப்பட்டிருத்தல், நஞ்சு கலந்துள்ளது என நம்பி உணவையும் நீரையும் மறுத்தல், பல இரவுகள் உறக்கமின்றிக் கொந்தளித்தல், பேச்சும் அசைவும் நின்று மரம்போல் உறைந்துபோதல், பிறருக்குத் தீங்கு நேரும் நிலை ஆகியவற்றில்தான் உள்நோயாளியாகச் சேர்ப்பது தேவைப்படும். நோய் இன்னதென்று தெளிவாகாதபோதும், குளோசபின் போன்ற மருந்தைத் தொடங்கும்போதும் சேர்ப்பதுண்டு. குளோசபின் வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கும் பலன் தருவது. ஆனால் இரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடக் கூடும் என்பதால் தொடர்ந்து இரத்தச் சோதனை செய்தே கொடுக்க வேண்டும். இவ்வாறு தங்குவது பெரும்பாலும் சில வாரங்களே.

அங்கே என்ன நடக்கும் என்பது தெரியாமலே அஞ்சுகிறோம். முதல் நாட்களில் உடலைச் சோதிப்பர். தைராய்டு கோளாறு, மூளையழற்சி, போதைப்பொருள் ஆகியவையும் மனநோய் வடிவில் தோன்றக் கூடும். உறக்கம், உணவு, பேச்சு ஆகியவற்றைச் செவிலியர் நாள்தோறும் குறிப்பர். மருந்து தொடங்கிய மறுநாளே குரல்கள் நின்றுவிடா, வாரங்கள் ஆகும். இடையில் தொழில்வழிச் சிகிச்சை உண்டு. காய்கறி நறுக்குவதும் செடிக்கு நீரூற்றுவதும் அங்கே பொழுதுபோக்கு அல்ல. குலைந்த நாளொழுங்கை மீண்டும் கட்டும் மருத்துவமே. மின்அதிர்வுச் சிகிச்சையைப் பற்றித் திரைப்படங்கள் காட்டியதை மறந்துவிடுங்கள். இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்தே அது செய்யப்படுகிறது. அவையின்றிச் செய்வதைச் சட்டமே தடை செய்துள்ளது.

இனி, நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன்.

மனநோயாளியைத் தங்கவைப்பதில் இந்த நாடு இருவேறு வழிகளைக் கண்டிருக்கிறது. ஒன்று ஒப்படைத்துவிட்டு வருதல். சென்னையில் 1794இல் தொடங்கப்பெற்ற மனநோயாளர் இல்லம் 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறியது. நெடுங்காலம் அதன் மதில்களுக்குள் சென்றோருள் பலர் திரும்பவே இல்லை. நோய் தணிந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆள் வரவில்லை என்பதே காரணம். 1961இல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன் அம்மையார், பின்னர் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். மருந்தோடு மறுவாழ்வும் வேண்டும் என்பதில் இறுதிவரை உறுதியாக நின்ற அவர், 2021இல் 98ஆம் வயதில் மறைந்தார். ஒப்படைத்தலின் கொடிய முடிவை 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கண்டோம். ஓலைக்கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளுள் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் கொடியவை அல்ல. வழி தெரியாதவை, களைத்துப்போனவை. அதை மறந்து அவர்களைப் பழிப்பது எளிது.

மற்றொரு வழி உடன் தங்குதல். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து நோயாளிகளின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். நமக்கு அருகில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. ஆரணி, வந்தவாசிப் பக்கத்தார்க்கு அது ஒரு பேருந்துப் பயணம்தான். மேலைநாடுகளில் குடும்பத்தை வெளியே நிறுத்துவதே வழக்கமாயிருந்த காலத்தில் இங்கே இவ்வாறு நடந்தது. ஆளும் பணமும் போதாமை இதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் விளைந்தது பெரும் நன்மை.

தாய் உடன் தங்கினால் என்ன நிகழும்? மகன் மருந்தை நாவின் அடியில் மறைப்பதை அவள் காண்பாள். கை நடுங்குவதும் வாயூறுவதும் மருந்தின் பக்கவிளைவு என்றும், சொன்னால் அளவை மாற்றுவர் என்றும் அறிவாள். குரல் கேட்கிறது என்று அவன் சொல்லும்போது, “அப்படி ஒன்றும் இல்லை” என்று வாதிடவும் கூடாது, “ஆமாம்” என்று ஒத்துப்பாடவும் கூடாது. “உனக்குக் கேட்கிறது, உனக்கு அச்சமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும் என்பதைச் செவிலியரைப் பார்த்தே கற்பாள். இவற்றையெல்லாம் விட, அடுத்த அறையில் அதே நிலையில் இன்னொரு தாயைக் காண்பாள். மாலையில் இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசுவர். தன் வளர்ப்பின் குறையால் இந்நோய் வந்தது அன்று என்பதை நான் பத்து முறை சொன்னாலும் நம்பாதவள், அந்தத் தாய் ஒரு முறை சொன்னதும் நம்புவாள்.

தந்தையரும் தங்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு முதல் பேருந்தில் ஊர் திரும்பும் தந்தையரை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னர் வீட்டில் மருந்தை நிறுத்தச் சொல்பவர் பெரும்பாலும் அவரே.

சட்டமும் இதனை வலியுறுத்துகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையை இரண்டு மனநல மருத்துவர்களோ, ஒரு மனநல மருத்துவரும் தகுதி பெற்ற வேறொருவருமோ தனித்தனியே சோதித்த பின்னரே சேர்க்கலாம். பெரியவர்களோடு கலந்து தங்கவைத்தல் கூடாது. பாதுகாவலரோ அவர் அமர்த்திய துணையாளரோ தங்கும் காலம் முழுமையும் உடனிருக்க வேண்டும்; பெண்பிள்ளை எனில் துணையாளரும் பெண்ணாகவே இருத்தல் வேண்டும். சங்கிலியால் பிணைத்தல் எந்த வயதினருக்கும் எவ்விடத்தும் குற்றம். “பிள்ளையை விட்டுச் செல்லுங்கள், மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது” என்று சொல்லும் இல்லம் எதுவாயினும், எவ்வளவு தூய்மையாகத் தோன்றினாலும், அங்கே சேர்க்காதீர்கள். மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார், சட்டப்படி பதிவு உள்ளதா என்று கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள அதே நிலை மனநோய்க்கும் உண்டு என்பதையும் அச்சட்டமே உறுதி செய்கிறது. பலர் இதை அறியாமல் கடன் வாங்குகின்றனர்.

நம் குடும்பங்களுக்கென்றே ஒரு செய்தி. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்போர், சேரும் நாளன்றே அதனை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உணவோடு கொள்ள வேண்டிய மருந்துகளின் வேளையை அதற்கேற்ப அமைப்பது பெரும்பாலும் இயலும். சொல்லாமல் விடும்போதுதான் மருந்து தவறுகிறது. உபவாசம் குறித்தோ மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் கொள்ளும் பிள்ளை நீரும் அருந்தாமல் நோன்பிருந்தாலும், உப்பைத் துறந்து உண்டாலும், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நஞ்சாகிவிடக் கூடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல் தோன்றினால் மறுநாள் பார்ப்போம் என்று இராமல் உடனே மருத்துவமனை செல்லுங்கள். பிணியுற்றோர் நோன்பைத் தவிர்ப்பது குறையன்று என்று வீட்டுப் பெரியவர்கள் வாய்திறந்து சொன்னால், அப்பிள்ளையின் குற்றவுணர்வு நீங்கும். மருத்துவர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதற்கு அங்கே மதிப்பு மிகுதி.

வீடு திரும்பும் நாளை நோய் முடிந்த நாளாகக் கொண்டாடுகிறோம். உண்மையில் மிகவும் விழித்திருக்க வேண்டிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து, மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் மிகுந்திருக்கும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது. மாத்திரைகளைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு வேளைதோறும் கொடுக்க வேண்டும். முதல் மறுபரிசோதனையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடலாகாது.

மூன்று மாதம் கழிந்ததும், “நன்றாகத்தானே இருக்கிறான், இன்னும் எதற்கு மாத்திரை?” என்னும் கேள்வி எழும். முதன்முறை மனச்சிதைவுக்கு ஆளாகித் தேறியவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

மருந்துக்கு அடுத்தது வீட்டின் பேச்சு. இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் சமூகவியல் அறிஞர், தேறி வீடு திரும்பியோருள் எவர்க்கு நோய் மீள்கிறது என்று ஆராய்ந்தார். இடைவிடாது குறை சொல்லும் வீட்டிலும், வெறுப்புக் காட்டும் வீட்டிலும் நோய் மிகுதியாகத் திரும்பக் கண்டார். அளவுமீறிப் பொத்திப் பொத்திக் காக்கும் வீடும் அப்பட்டியலில் இருந்தது. “உன் வயதில் அவன் என்ன சம்பாதிக்கிறான் பார்” என்னும் சொல் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக வருகிறது!

திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்பாரும் உளர். திருமணம் இந்நோய்க்கு மருந்தன்று. தேறியவர்கள் மணம் செய்து நல்வாழ்வு வாழ்வதுண்டு. மறைத்துச் செய்த மணத்தில் மருந்தையும் மறைக்க நேரும், மறைத்த மருந்து நாளடைவில் நிற்கும். பிறகு இரண்டு குடும்பங்கள் துன்புறும். பெண் கொடுப்போரும் எடுப்போரும் இச்சபையிலேயே இருக்கிறீர்கள். நோயைச் சொன்ன வீட்டைத் தள்ளிவைப்பது நீங்களாக இருந்தால், மறைக்கும் வீட்டைக் குறை சொல்ல உங்களுக்கு இடமில்லை. அக்காளுக்கு மனநோய் என்பதற்காகத் தங்கையை வேண்டாம் என்போர்க்கும் இதையே சொல்வேன்.

இன்றிரவே ஐயம் எழுமாயின், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். இங்கே கேள்வி கேட்க அரைமணி நேரம் ஒதுக்கியுள்ளனர். எழுந்து கேட்கத் தயங்குவோர் பெயரின்றித் தாளில் எழுதிக் கொடுங்கள். அவற்றைப் படித்து விடை சொல்கிறேன்.