மாறுகொளக் கூறல்: திரையில் கற்கும் பாடம்



நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் ‘மாறுகொளக் கூறல்’ என்பதைச் சுட்டுகிறது. முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்வதே அது. இலக்கண வகுப்பில் இதனை மனனம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். மேருவில் இன்று கூடியுள்ள நாம், அக்குற்றத்தை ஒற்றர் திரைப்படங்களில் தேடிப் பார்ப்போம்.

திரைப்படம் பெரும்பாலும் கதை நிகழும் வரிசையில் எடுக்கப்படுவதில்லை. வாயிலில் நுழைவது ஒரு நாள். அறைக்குள் அமர்வது வேறொரு நாள். ஆதலின் உடை, ஒப்பனை, கைப்பொருள், நின்ற நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கவே தனியாக ஒருவர் இருப்பார். அவர் கண்ணுக்கும் தப்புவன உண்டு.

1971இல் வெளிவந்த ‘டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில், லாஸ் வேகாஸ் துரத்தற்காட்சி புகழ்பெற்றது. பாண்டின் மஸ்டாங் மகிழுந்து வலப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி ஒரு குறுகிய சந்துக்குள் நுழைகிறது. இடப்பக்கச் சக்கரங்களில் சாய்ந்தபடி வெளிவருகிறது. முரணை மறைக்க, வண்டி உள்ளேயே மறுபுறம் சாய்வதுபோல் ஒரு சிறு காட்சியை இடையில் செருகினர். அத்துணை ஒடுங்கிய சந்தில் அஃது எங்ஙனம் இயலும் என்ற வினா எஞ்சியது. முரண்படும் இரு பத்திகளை ‘எனவே’ என்னும் ஒற்றைச் சொல்லால் நாம் ஒட்டுவதும் இத்தகையதே.

ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்தில், ரஷ்மோர் மலைச் சிற்றுண்டிச்சாலையில் நாயகி நாயகனைச் சுடுகிறாள். வெடியோசை எழுமுன்பே, பின்னணியில் அமர்ந்துள்ள சிறுவன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். கதைக்குள் வாழும் சிறுவனுக்கு வெடி வரப்போவது தெரியாது. நடிக்கும் சிறுவனுக்குத் தெரியும். நடுவில் நிற்கும் நட்சத்திரங்களை மட்டும் பார்த்தவர் இதனைக் கண்டிலர்; ஓரத்தையும் பார்த்தவரே கண்டனர்.

எனினும் எல்லா மாறுபாடுகளும் பிழையாகா. சுஜாதா எழுதி, கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ (1986) படத்தில் சலாமியா என்றொரு நாடு வருகிறது. அஃது உலகப்படத்தில் இல்லாமை குற்றமன்று, படைப்பாளனின் உரிமை. தான் வகுத்த அந்நாட்டின் இயல்பைத் தானே மீறினால் மட்டுமே மாறுகொளக் கூறலாகும்.

இப்பயிற்சி இன்று எதற்கு? கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவியும் காணொளிகளுள் வெட்டி ஒட்டியவையும் உள. நிழல் திசை மாறியதா, உதடும் ஒலியும் ஒத்தனவா என்று கேட்கும் மாணவனை ஏய்ப்பது எளிதன்று. அதே வேளையில், ஒரு முரண் கண்டவுடன் முழுவதும் பொய்யென்று தள்ளுவதும் தகாது. காது பொத்திய சிறுவனால் ஹிட்ச்காக்கின் படம் சிறுத்துவிடவில்லை. மாணவர் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரும் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்: பிழையை வட்டமிடுவோம், பிழையற்ற பத்தியையும் பாராட்டுவோம்.