வாழைமர நோட்டு சொன்னதும் சொல்லாததும்



வரலாறு என்றதும் நம் பிள்ளைகள் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆண்டுகளையும் பெயர்களையும் மனனம் செய்து, தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்துவிடும் பாடம் என்றே நாமும் எண்ணிப் பழகிவிட்டோம். அதைக் கண்ணால் பார்த்து, கேள்வி கேட்டு, ஆராய்ந்து அறியும் பாடமாக ஆக்க முடியும். அதற்கு வேண்டிய பயிற்றுத்துணைப் பொருள்கள் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருக்கக்கூடும்.

எங்கள் தோட்டப் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பாடம் ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்துப் பத்து வெள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். வாழைமரப் படம் அச்சிட்ட அந்தத் தாளை நம் முதியவர்கள் வாழைமர நோட்டு என்பார்கள். பிள்ளைகள் கைக்குக் கை மாற்றினால் கிழிந்துவிடும். ஆகவே அதைப் பெரிய அட்டையில் வண்ணம் தீட்டி வரைந்து வகுப்பில் மாட்டினேன். பலகையில் ஒரு கோடு கிழித்து, ஒருபுறம் ‘கண்டது’ என்றும் மறுபுறம் ‘கருதுவது’ என்றும் எழுதினேன்.

வாழைமரம், பழங்கள், பத்து வெள்ளி, ஜப்பானிய அரசாங்கம் என்னும் ஆங்கில எழுத்து ஆகியவை ‘கண்டது’ பக்கம் வந்தன. ‘கருதுவது’ பக்கம் ஒரு மாணவன், “அந்தக் காலத்து மக்கள் வளமாக வாழ்ந்தார்கள்” என்று எழுதினான். நான் அவனைக் கண்டிக்கவில்லை. படத்தை நம்பித்தானே எழுதினான்! “இந்தப் படத்தை வரையச் சொன்னவர் யார்? யார் பார்ப்பதற்காக வரைந்தார்கள்?” என்று மட்டும் கேட்டேன். வகுப்பு சற்றே அமைதியாயிற்று. “ஆட்சி செய்தவர்கள்தானே சார் அச்சடித்தார்கள்! பஞ்சம் என்று அவர்களே படம் போடுவார்களா?” என்றாள் ஒரு மாணவி. ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

அடுத்த வாரம் அந்த நோட்டுக்குரிய பாட்டியையே வகுப்புக்கு அழைத்தோம். போர்க்காலத்தில் அவருக்கு எட்டு வயது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாள் கழித்ததைச் சொன்னார். சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தம் தகப்பனார் திரும்பி வரவே இல்லை என்றும் சொன்னார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

அப்போது அதே மாணவி எழுந்து, “பாட்டி, அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைதானே? எல்லாம் சரியாக நினைவிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பாட்டியோ சிரித்தார். “எந்த வருசமுன்னு கேட்டா தெரியாது கண்ணு. வயிறு காஞ்சது மட்டும் மறக்கல” என்றார்.

ஆண்டுகளைப் பாடநூலில் தேடினோம். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியது 1941 டிசம்பர் 8. ஆட்சி முடிந்தது 1945. சயாம், பர்மா ரயில் பாதை வேலை 1942-இல் தொடங்கி, 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் இணைந்தன. ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளம். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே மாண்டார்கள். வாழைமர நோட்டோ அளவின்றி அச்சிடப்பட்டது. பலவற்றில் வரிசை எண்கூட இல்லை. விலைவாசி ஏறியது. போர் முடிந்ததும் அது செல்லாக் காசாயிற்று.

வகுப்பின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, இந்த ஆண்டுகளை அட்டைகளில் எழுதி வரிசையாகத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் கேட்டறிந்த செய்தி ஒன்றை உரிய இடத்தில் சேர்த்தது. நோட்டு ஒன்று சொல்கிறது, பாட்டி ஒன்று சொல்கிறார், நூல் ஒன்று சொல்கிறது. மூன்றையும் ஒப்பிட்டு, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று முடிவு செய்வதே வரலாற்றுச் சிந்தனை. நாளைக்கு எவரேனும் ஒரு படத்தைக் காட்டி ஏமாற்ற வந்தாலும் இந்தப் பயிற்சி நம் பிள்ளைக்குத் துணை நிற்கும்.

பெற்றோர்களே, என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் லயத்தைவிட்டு வெளியேறியபோது, தாத்தாவின் பெட்டியிலிருந்த பழைய காகிதங்களைக் குப்பை என்று நானே அடுப்பில் போட்டேன். தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் கப்பலேறினார் என்று இன்று என் மகன் கேட்கிறான். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பல ஊர்களுக்கும் பிரிந்துபோன காலம் இது. ஆகையால் பழைய கடப்பிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, புகைப்படம், பால்வெட்டும் கத்தி எதையும் எறிந்துவிடாதீர்கள். படத்தின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பிள்ளை கேட்கும்போது தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அந்த நேர்மையும் வரலாற்றுப் பாடந்தான்.

இன்றிரவே பிள்ளைகளுடன் அமர்ந்து அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.