பழைய காருக்கு ஹீட்டர் எதற்கு?

தாம்பரத்துவாசி ஒருவன் தன் காரின் ஹீட்டரைச் செப்பனிடப் போகிறேன் என்றால், கேட்பவர்கள் நகைக்கத்தான் செய்வார்கள். சித்திரை வெயிலில் காரின் கூரை தோசைக்கல்லாய்க் காயும் ஊர் இது. அந்த நகைப்பின் பயனாகத்தான், பல பழைய வண்டிகளில் ஹீட்டரின் குழாய்கள் துண்டிக்கப்பட்டு, பெட்டி மட்டும் துருவேறிக் கிடக்கிறது. நான் அதற்கு உடன்படுவதில்லை.

என்னுடைய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம் நாட்டில் 1961 முதல் இதைத் தயாரித்த தொழிற்சாலை, தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் இருந்தது. 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. என் தந்தையார் உதகையில் பணியாற்றிய நாளில் இந்த வண்டிக்கு ஹீட்டர் பொருத்திக்கொண்டார்.

ஹீட்டர் தனி அடுப்பு ஒன்றுமன்று. எஞ்சினைச் சுற்றி வந்து சூடேறிய நீரில் ஒரு பகுதி, சிறு குழாய் வழியே ஓர் அடைப்பானைக் கடந்து, பித்தளையும் செம்பும் கொண்ட சிறிய நீர்க்கூட்டிற்குள் புகுகிறது. பின்னாலுள்ள மின்விசிறி அதன் மீது காற்றை வீசுகிறது. சூடான காற்று நமக்கு. ஆறிய நீர் மீண்டும் எஞ்சினுக்கு. ஆகவே இது இரண்டாவது ரேடியேட்டர். முன்னால் இருப்பது வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. இது நம் காலடியில் கொட்டுகிறது. அவ்வளவே வேறுபாடு!

இதனால் பயன் யாது? மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது மூடுபனி சூழ்ந்தால், நம் மூச்சின் ஈரம் முன் கண்ணாடியில் படிந்து பாதையை மறைக்கும். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் திரும்புவது உயிரோடு விளையாடுவதாகும். சூடான காற்று அந்த ஈரத்தைப் போக்கிவிடும். இரண்டாவது பயன் தாம்பரத்துக்கே உரியது. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வெப்பமுள் மேலேறத் தொடங்கினால், சன்னல்களைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழுவதும் திருப்புங்கள். உள்ளே வெந்து போவோம், உண்மைதான். ஆனால் எஞ்சினின் வெப்பம் சற்றே தணியும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்த அவகாசம் கிடைக்கும்.

இனி, செப்பனிடும் முறை. எஞ்சின் முற்றும் ஆறிய பிறகே நீரை இறக்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். இறக்கிய நீரில் கூலண்ட் கலந்திருந்தால் அது நஞ்சு. இனிப்புச் சுவையுள்ளதாதலால் நாய் பூனைகள் நக்கிவிடும். திறந்து வைக்காதீர்கள். இறுகிய ரப்பர்க் குழாயைத் திருகி இழுத்தால் மெல்லிய பித்தளை முனை ஒடிந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுப்பதே நலம். ரப்பர் விலை அற்பம்.

கழற்றிய நீர்க்கூட்டில், வழக்கமாக நீர் வெளியேறும் வாய் வழியே நீரைச் செலுத்தினால் செந்நிறச் சேறு வெளிவரும். பிறகு ஒரு முனையை அடைத்து, தொட்டி நீரில் அமிழ்த்தி, மறுமுனையில் மெதுவாகக் காற்றூத வேண்டும். குமிழி எழும் இடமே ஓட்டை. அதைப் பற்றாசு வைத்து அடைக்க, பழைய ரேடியேட்டர்களில் கை பழகிய தொழிலாளியிடம் கொடுத்துவிடுவேன். அது என் கைக்கு எட்டாத வித்தை. அவர் நெருப்பைக் கையாளும் பக்குவத்தை நின்று பார்ப்பதே எனக்கு ஒரு பாடம்.

விசிறி மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், மாற்றலாம். காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகளில் ஒட்டிய பஞ்சு பொடியாய் உதிர்ந்திருக்கும். அங்கே கம்பளித் துணி ஒட்டலாம்.

எங்கள் வீட்டுக் கிணற்று நீர், கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படியவைக்கிறது. அதே படலம்தான் இந்த மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஆதலால் வாலை வடித்த நீரும் கூலண்டும் கலந்தே ஊற்றுகிறேன். ஊற்றும்போது ஹீட்டரின் அடைப்பான் திறந்திருக்க வேண்டும். இல்லையேல் உள்ளே காற்று தங்கி, நீர் சுழலாது. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, இரு குழாய்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாயிருந்தால் நீர் ஓடுகிறது. ஒன்று மட்டும் சூடாயிருந்தால், எஞ்சினை ஆறவிட்டு மீண்டும் காற்றை வெளியேற்ற வேண்டியதுதான். அடுத்த சில நாட்களுக்கு, முன் இருக்கையின் கீழ் விரிப்பில் ஈரம் தட்டுகிறதா என்று காலையில் கைவைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.