மௌனமாய் மாறும் விருப்பத்தேர்வுகள்: மாநாட்டுத் தலைமை உரை



தரவுத்தள டிரைவர்களை எழுதி எழுதியே தலைநரைத்தவர்கள் நிறைந்த இச்சபையில் என்னைத் தலைமை ஸ்தானத்தில் அமர்த்திய அன்புக்கு நன்றி கூறும்போதே, அதற்குத் தக்கபடி பேச வேண்டுமே என்ற அச்சமும் உடன் எழுகிறது. வினவல் விருப்பத்தேர்வுகளில் நெகிழ்வு என்பதே நமக்கு விதித்த பொருள். காலவரம்பு, வரிசைகளின் உச்ச எண்ணிக்கை முதலியவற்றை ஒரு ஸ்ட்ரக்டில் அடைத்துக் கொடுப்பதா, கோ மொழியில் ராப் பைக் 2014இல் எடுத்துரைத்து அவ்வாண்டிலேயே டேவ் செனீ பரப்பியபடி ஃபங்ஷன்களாகக் கோப்பதா, பில்டராகத் தொடுப்பதா என்ற விவாதத்தின் குணதோஷங்களைப் பின்வரும் அமர்வுகள் ஆராயும்.

என் மனத்தை நெடுநாளாக உறுத்துவது வடிவம் அன்று. கேட்டது கிடைக்காதபோது கேட்டவனுக்கு அது தெரிகிறதா என்பதே. ஜேடிபிசியின் ஃபெட்ச்சைஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு நூறு வரிசைகள் போதும் என்று அதில் குறித்தாலும், ஆட்டோகமிட் இயங்கிக்கொண்டிருந்தால், போஸ்ட்கிரெஸ் டிரைவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் முழு விடையையும் நினைவகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. மைஎஸ்க்யூஎல் டிரைவரிலோ, வரிசைகளை ஒவ்வொன்றாகப் பெற விரும்புகிறவன் அதே இடத்தில் -2147483648 என்று எழுத வேண்டும். அளவைக் குறிக்கும் எண் அங்கே ரகசிய சமிக்ஞையாகிவிட்டது. ஃபெட்ச்சைஸ் வெறும் குறிப்புதான், கட்டளையன்று என்று விதிநூலே சொல்வதால் போஸ்ட்கிரெஸ் டிரைவரைக் குற்றம் சொல்ல இயலாது. குற்றம் அந்த விதியுடையது.

இதற்குப் பரிகாரம் நம்மவர் புரட்டிப் பாராத ஓடிபிசி விதிநூலில் இருக்கிறது. அங்கே, கேட்ட காலவரம்பை ஏற்க முடியாத டிரைவர் அதற்கு நெருங்கிய மதிப்பை வைத்துக்கொண்டு, 'வெற்றி' என்று மட்டும் சொல்லாமல் 'தகவலுடன் வெற்றி' என்று திரும்பி, 01எஸ்02 என்ற நிலைக்குறியால் மதிப்பு மாறியதை அறிவிக்கிறது. மாறிய மதிப்பைக் கேட்டறியவும் தனி அழைப்பு உண்டு.

ஓடிபிசியைப் பழம்பஞ்சாங்கம் என்று முன்பொரு கருத்தரங்கில் தள்ளிய நண்பர் இன்றும் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவர் புலமையில் எனக்குள்ள மதிப்பு அன்றும் குறையவில்லை. ஜேடிபிசியிலும் எச்சரிக்கைகள் உண்டே என்றார். உண்டு, ஆனால் தேடிப் போய்க் கேட்பவனுக்கே அவை தெரியும், ஓடிபிசியிலோ செய்தி திரும்பும் விடையிலேயே இருக்கிறது. அவ்விடையையும் பாராதவனை எந்த விதிநூலும் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பார்க்கிறவனுக்கும் தெரியாதபடி மறைப்பதற்கு அது நியாயமாகாது.

ஆதலின், எவ்வடிவத்தை நிர்ணயித்தாலும், அறியாத விருப்பத்தேர்வைப் பிழையென மறுப்பதும், மாற்றிய மதிப்பை விடையோடு தெரிவிப்பதும் லைப்ரரியின் கடமை என்று இம்மாநாடு தீர்மானிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.