கோழிக்கு வீக்கம் வந்தால்



நான் பத்தாவது படிச்சவ. கொல்லையில பன்னிரண்டு கோழி வளர்க்கிறேன். குழுவுக்குக் கட்டுற சேமிப்புப் பணத்துல பாதி முட்டையிலதான் வருது. அதனாலதான் இதைப் பேச வந்தேன்.

கோழிக்கு எங்கேயாவது வீங்கினா, நம்ம ஊர்ல முதல்ல வர்ற பேச்சு, "அறுத்துக் கொழம்பு வெச்சிடு." அதுக்கு முன்னால வீக்கம் எந்த இடத்துலன்னு பாருங்க. இடத்தைப் பொறுத்துதான் வைத்தியம்.

கழுத்துக்குக் கீழ வீங்கினா அது இரைப்பை. சாயங்காலம் உப்பியிருக்கிறது சகஜம். விடியக்காலையில, தீனி போடுறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க. அப்பவும் கெட்டியா இருந்தா அடைப்பு. போன தை மாசம் என் பெட்டைக்கு இப்படித்தான். தலைகீழாப் பிடிச்சு உலுக்கச் சொன்னாங்க பக்கத்து வீட்டு அத்தை. நான் செய்யல. உள்ள இருக்கிற தண்ணி மூச்சுக்குழாய்ல போனா கோழி செத்துடும். கூடையில வெச்சு அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா கீறி எடுத்தாங்க. வைக்கோலும் நைலான் நூலும் சுருண்டு கெடந்துச்சு. தையல் போட்டு அனுப்பினாங்க, கோழி பொழைச்சுக்கிச்சு.

பாதத்துக்கு அடியில வீங்கி, நடுவுல கறுப்பா பொருக்கு இருந்தா, முள்ளோ கல்லோ குத்திச் சீழ் பிடிச்சிருக்கும். வீட்டு பிளேடால கீறாதீங்க. தரையைக் காய்ச்சலா வைங்க.

வயிறு வீங்கி, முக்கிக்கிட்டே நின்னா முட்டை சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணியில அடிவயிறு நனையக் கொஞ்ச நேரம் வைங்க. பிதுக்கினா முட்டை உள்ளயே உடையும். நீர் கோத்தும் வயிறு வீங்கும். அதனால ஒரு நாளைக்கு மேல காத்திருக்காதீங்க.

கண்ணைச் சுத்தி, கொண்டையில பரு பருவா வந்தா அம்மை. கொசு பரப்புது. தனியா அடைச்சு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசுங்க. இதுக்கு முன்கூட்டியே போடத் தடுப்பூசி இருக்கு. முகம் வீங்கி, மூக்குல நாத்தமடிக்கிற சளி வந்தா அது வேற நோய், டாக்டர் தர்ற மருந்துதான் கேக்கும். நம்ம வீட்டு மாத்திரையைக் கொடுக்காதீங்க.

முக்கியமா ஒண்ணு. முகம் வீங்கி, கொண்டை நீலம் பாரிச்சு, திடீர்னு பல கோழி செத்தா பறவைக் காய்ச்சலா இருக்கலாம். அறுக்கக் கூடாது, விக்கக் கூடாது, பிள்ளைங்க தொடக் கூடாது. உடனே மருந்தகத்துல சொல்லுங்க. 1962-க்கும் போன் பண்ணலாம்.

"ஒரு கோழிக்கு டாக்டரா?"ன்னு வீட்டு ஆம்பளைங்க சிரிப்பாங்க. மாட்டுக்கு ஓடுறாங்கல்ல? கோழி நம்ம கைக்காசு அக்கா. அதுக்கு நாமதான் ஓடணும்.