நீண்டகால ஆதரவுக்குத் திட்டமிடுதல்

பாலத்தைக் கட்டி முடிப்பதோடு பொறியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. அதைப் பராமரிப்பதும் அவரது கடமையே. மென்பொருளுக்கும் இது பொருந்தும். மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் யாவருக்கும் உரிமை தரும் திறமூல மென்பொருளில் இக்கடமை மேலும் கடினமானது. அதை ஆக்குவோர் புதிய வசதிகளைப் படைப்பதில் ஆர்வம் மிக்கவர்கள். அதைப் பயன்படுத்தும் அலுவலகமோ அடிக்கடி மாற்றத்தை விரும்புவதில்லை. இவ்விரு நிலைகளையும் இணைக்கும் ஏற்பாடே நீண்டகால ஆதரவு வெளியீடு. இதில் புதிய வசதிகள் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. பிழைகளும் பாதுகாப்புக் குறைகளுமே களையப்படுகின்றன.

எத்தனை ஆண்டுகள் என்று அறிவிப்பது எளிது. அத்தனை ஆண்டுகளும் உழைப்பவர் யார் என்பதே உண்மையான கேள்வி.

லினக்ஸ் கெர்னலின் அனுபவம் இதற்குச் சான்று. அதன் புதிய பதிப்பு ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பதிப்பே நீண்டகால ஆதரவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. திருத்தம் முதலில் புதிய பதிப்பில் இடம்பெற்று, பின்னரே பழையவற்றுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. காலம் செல்லச் செல்ல இரண்டுக்கும் இடைவெளி பெருகி, அதே திருத்தத்தைப் பல முறை மாற்றி எழுத நேரிடுகிறது. 2017இல் இரண்டு ஆண்டு ஆதரவு ஆறு ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் 2023இல், இனிவரும் பதிப்புகளுக்கு இரண்டு ஆண்டுகளே என்று அறிவிக்கப்பட்டது. பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் குறைவு. பராமரிப்போரின் சுமையோ பெரிது.

டெபியன் திட்டம் வேறு வழியை மேற்கொண்டது. அங்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2014இல் தொடங்கிய நீண்டகால ஆதரவு ஏற்பாட்டின்கீழ், ஒரு தனிக் குழு பொறுப்பேற்று ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. நிறுவனங்கள் அளிக்கும் நிதியிலிருந்து இப்பணிக்கு ஊதியம் வழங்கப்படுகிறது. அடுத்த பதிப்பு வந்த பின்னும் பழையதிலிருந்து மாற ஏறத்தாழ மூன்று ஆண்டு அவகாசம் கிடைக்கிறது.

இது நம் நாட்டுக்கும் தொடர்புடையது. அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

ஆதரவுக் காலம் முடிந்த பின்னும் கணினி வழக்கம்போல் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அடைக்கப்படாமலேயே இருக்கும். ஆகவே, ஒரு பதிப்பை ஏற்கும் நாளிலேயே அதைக் கைவிடும் நாளையும் அலுவலகங்கள் குறித்துவைத்தல் வேண்டும். மாற்றத்துக்கான பயிற்சியையும் செலவையும் முன்கூட்டியே ஒதுக்கிவைத்தல் வேண்டும். பராமரிப்போரின் உழைப்பில் பங்கேற்பதும் பயன்பெறுவோரின் பொறுப்பேயாகும்.